பேச ஆளே இல்லாமல் ஜப்பானிய மொழியா? முடியும், தெரியுமா!

ஆயிரம் ஆண்டுப் பழமையான ‘கென்ஜியின் கதை’யை ஜப்பானியர்கள் தங்கள் இலக்கியத்தின் மகுடமாகக் கொண்டாடுகிறார்கள். முராசாக்கி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண்மணி எழுதிய நாவல் அது. மொத்தம் 54 அத்தியாயங்கள். இன்றைய ஜப்பானியரே உரையில்லாமல் படிக்கத் திணறும் பழைய நடை. இதை 1925 முதல் 1933 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கிலத்தில் பெயர்த்து உலகத்தின் கையில் கொடுத்தவர் ஆர்தர் வேலி. அவர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட ஜப்பானுக்குப் போனதில்லை, தெரியுமா? ஜப்பான் என்ன, ஆசியாவிலேயே அவர் கால் பட்டதில்லை!

1913-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தார் வேலி. கீழை நாட்டு ஓவியங்களை வகை பிரித்துப் பட்டியலிடும் வேலை. ஓவியத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் எப்படி வகை பிரிப்பது? புத்தகமும் அகராதியுமாக உட்கார்ந்து சீனத்தையும் ஜப்பானியத்தையும் தானே கற்றுக்கொண்டார். அவ்வளவுதான் முன்கதை!

பின்கதை இன்னும் சுவாரசியம். 1940-ல் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் ஒரு புத்தகக் கடை. வேலியின் மொழிபெயர்ப்பு இரண்டு தொகுதிகளாகக் கட்டி விலை குறைத்து வைத்திருக்கிறார்கள்: 49 சென்ட். விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு கல்லூரி மாணவர் வாங்குகிறார். பெயர் டொனால்ட் கீன். அந்த மாணவர்தான் பிற்பாடு ஜப்பானிய இலக்கியத்தின் ஆகப் பெரிய அறிஞர்களில் ஒருவராகி, 2012-ல் ஜப்பானியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார். ஜப்பானைப் பார்க்காதவர் எழுதிய புத்தகம் இன்னொருவரை ஜப்பானியராகவே ஆக்கிவிட்டது!

ஆக, “எனக்குப் பேசிப் பழக ஆள் இல்லையே” என்று ஜப்பானிய மொழிப் புத்தகத்தை மூடி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இங்கே வரும் செய்திகள் எல்லாம் உங்களுக்காகத்தான்.

முதலில் ஒரு குண்டு. ஜப்பானிய மொழிக்கு உலகம் முழுக்க எழுதப்படும் ஜே.எல்.பி.டி. தேர்வு இருக்கிறதே, அதில் பேச்சுத் தேர்வே கிடையாது! ஐந்து படிகள். எளிய என்5-இலிருந்து கடினமான என்1 வரை எல்லாமே விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கறுப்பாக்கும் வேலைதான். ஒரு வரிகூடச் சொந்தமாக எழுத வேண்டாம். வாயைத் திறக்கவே வேண்டாம். 1984-ல் தொடங்கியபோது 15 நாடுகளில் சுமார் 7,000 பேர் எழுதிய தேர்வு, இன்று ஜூலையிலும் டிசம்பரிலும் உலகம் முழுக்க நடக்கிறது. சென்னையில் ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் நடத்துகிறது. உச்சப் படியான என்1 சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, டோக்கியோ டீக்கடையில் தண்ணீர் கேட்கத் தடுமாறுகிறவர்கள் உண்டு என்றால் அதில் ஆச்சரியமே இல்லை. கேட்கவும் படிக்கவும் தனியாகவே எவ்வளவு தூரம் போய்விடலாம் என்பதற்கு இந்தத் தேர்வே அத்தாட்சி. ஆனால் வாய்க்கு யார் பயிற்சி கொடுப்பது?

நீங்களேதான்! தனக்குத் தானே பேசிக்கொள்வதற்கு ஜப்பானிய மொழியில் தனி இலக்கணமே இருக்கிறது, தெரியுமா? மரியாதைக்குச் சேர்க்கும் ‘மஸ்’, ‘தெஸ்’ விகுதிகள் எதிரில் ஒருவர் இருந்தால்தான் வரும். ஆள் இல்லாத இடத்தில் மரியாதை யாருக்கு? மழை வருமோ என்று ஜன்னலோரம் நின்று தனக்குள் முணுமுணுக்கும் ஜப்பானியர் ‘மஸ்’ போடமாட்டார். வினையின் வெறும் வடிவத்தைச் சொல்லி, கடைசியில் ‘கனா’ என்று ஓர் ஒட்டு போடுவார். நம்முடைய ‘வருமோ’வில் இருக்கும் அந்த ‘ஓ’ மாதிரி, பதில் எதிர்பார்க்காத கேள்வி அது.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? பெரும்பாலான பாடப்புத்தகங்கள் முதல் நாளிலிருந்தே ‘மஸ்’ வடிவத்தைத்தான் சொல்லிக்கொடுக்கும். வெறும் வடிவம் மெதுவாகப் பின்னால் வரும். ஆனால் ‘போன வீடு’, ‘வாங்கிய புத்தகம்’ போன்ற தொடர்களுக்கும், ‘என்று நினைக்கிறேன்’, ‘வந்தால்’ போன்றவற்றுக்கும் அந்த வெறும் வடிவம்தான் பெரும்பாலும் அஸ்திவாரம். தனியாகப் பேசிப் பழகுகிறவருக்கு அது முதல் வாரத்திலேயே நாக்கில் ஏறிவிடுகிறது! வகுப்புக்குப் போகிறவரைவிடத் தனியாள் முந்திக்கொள்ளும் இடம் இது. சாவி எங்கே வைத்தேன், பால் பொங்கப்போகிறது, பஸ் இன்னும் வரலையே... நாள் முழுக்க மனசுக்குள் ஓடும் இந்த வசனங்களையே பாடமாக்கிக்கொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் தமிழருக்கு அடித்திருக்கும் யோகம் கொஞ்சநஞ்சம் இல்லை!

ஜப்பானிய அரிச்சுவடியின் வரிசையைச் சொல்லிப் பாருங்கள். உயிர்: அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ-வேதான்! நடுவில் வரும் ‘ஹ’ வரிசைகூட மிகப் பழைய காலத்தில் ‘ப’ ஒலிதான் என்கிறார்கள் மொழியியலாளர்கள். காரணம் தற்செயல் அல்ல. சித்தம் என்ற இந்திய எழுத்துமுறையில் சமஸ்கிருத மந்திரங்களைப் படித்த பௌத்தத் துறவிகள் இந்திய எழுத்து வரிசையைத் தங்கள் மொழிக்குப் பொருத்தினார்கள். 11-ஆம் நூற்றாண்டிலேயே அந்த அட்டவணையின் தொடக்க வடிவங்கள் கிடைக்கின்றன. அதற்கும் முன்னால், 736-லேயே, போதிசேனர் என்ற இந்தியத் துறவி ஜப்பான் போய்ச் சேர்ந்துவிட்டார். தென்னிந்தியர் என்று சொல்லப்படுபவர். 752-ல் நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் மாபெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்துவைத்தவர் அவரே! (ஜப்பானிய வரிசை ‘ன்’ என்று முடிகிறது, தமிழ் வரிசையும் ‘ன’வில் முடிகிறது. இது மட்டும் சுத்தத் தற்செயல். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

வாக்கிய அமைப்பு அதைவிட அதிசயம். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், எழுவாயைச் சொல்லாமலே விட்டுவிடலாம். எல்லாம் நம் வீட்டுப் பழக்கம். இன்னும் உள்ளே போனால், ‘சாப்பிட்டுப் பார்’ என்று நாம் சொல்வதை அவர்களும் ‘சாப்பிட்டு’, ‘பார்’ என்றே சேர்த்து ‘தபெதெ மிரு’ என்கிறார்கள்! ‘வாங்கி வை’ என்பதற்கு ‘கத்தெ ஒகு’. ‘ஒகு’ என்றால் வை. ‘வருவான் என்று சொன்னான்’ என்பதில் வரும் ‘என்று’வுக்கு அவர்களிடம் ‘தொ’ இருக்கிறது, அதே இடத்தில், அதே வேலைக்கு. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இதையெல்லாம் பார்த்துத்தான் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பல ஆண்டு வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, மனசுக்குள் தமிழில் ஓடும் வாக்கியத்தை வரிசை மாற்றாமல் அப்படியே ஜப்பானியத்துக்கு இழுத்துவிடலாம் என்பது தனியாகப் பழகுகிறவருக்கு எவ்வளவு பெரிய வசதி! ஆங்கிலேயர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாகப் புரட்ட வேண்டும்.

யோகத்தோடு ஒரு கண்டமும் இருக்கிறது. மேலே ‘தபெதெ’ என்று படித்தீர்களே, எப்படி உச்சரித்தீர்கள்? ‘பெ’யைத் தானாகவே சரியாகச் சொல்லியிருப்பீர்கள், ‘கபம்’ என்பதில் வருகிற மாதிரி மென்மையாக. அது சரி. ஆனால் கடைசி ‘தெ’யையும் ‘பதம்’ என்பதில் வருகிற மாதிரி மென்மையாக்கியிருப்பீர்கள். அது தப்பு! ஜப்பானியத்தில் அது வல்லொலி. இரட்டித்து ‘த்தெ’ என்று எழுதினால் வேறு சொல்லாகிவிடும். இரண்டு உயிருக்கு நடுவில் வல்லினம் வந்தால் நம் நாக்கு தானாகவே இளகிவிடுகிறது. ‘போகிறேன்’ என்பதற்கான ‘இகிமஸ்’ நம் வாயில் ‘நகம்’ என்பதன் ‘க’வோடு வெளிப்படும். பக்கத்தில் திருத்த ஆள் இல்லை என்றால் இது ஆண்டுக்கணக்கில் அப்படியே இறுகிப்போகும். அதனால்தான் சொல்கிறேன்: குறிப்பேட்டில் ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கவே படிக்காதீர்கள். ஹிரகானா 46, கத்தகானா 46, மொத்தம் 92 அடிப்படை எழுத்துகள். முதலில் அதை முடித்துவிடுங்கள். (இந்தக் கட்டுரையே தமிழ் எழுத்தில்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். இது படிக்க, பழக அல்ல!)

சரி, நாக்கு தப்பு செய்கிறதா என்று தனியாக எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் செல்போனே வாத்தியார். விசைப்பலகையில் ஜப்பானிய மொழியைச் சேர்த்துவிட்டு மைக்கை அழுத்திப் பேசுங்கள். ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. ‘கிதெ’ என்றால் வா, ‘கித்தெ’ என்றால் தபால்தலை. அத்தையைச் சொன்னீர்களா பாட்டியைச் சொன்னீர்களா என்று போன் எழுதிக் காட்டிவிடும். இங்கேயும் நமக்கு லாபம்: குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பும் பொருளை மாற்றும் என்பது படம், பாடம், பட்டம் என்று பேசி வளர்ந்தவருக்குப் புதிதே அல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை. போன் சமயத்தில் கரிசனப்பட்டு, நீங்கள் தப்பாகச் சொன்னதையும் சரியாக ஊகித்து எழுதிவிடும். முழு வாக்கியமாகச் சொல்லாமல் ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் அதன் கரிசனம் குறையும்.

ஏற்ற இறக்கம்தான் அடுத்த மலை. ‘ஹஷி’ என்ற ஒரே ஒலிக்கூட்டம் முதல் அசை உயர்ந்தால் சாப்பிடும் குச்சி, இரண்டாவது உயர்ந்தால் பாலம். இது டோக்கியோ கணக்கு. ஒசாகா பக்கம் போனால் தலைகீழ்! இதற்காகவே டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்று ‘ஓ.ஜே.ஏ.டி.’ என்ற இலவச இணைய அகராதியை வைத்திருக்கிறது. எந்த வாக்கியத்தை உள்ளே போட்டாலும் குரல் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று கோடு வரைந்து காட்டும். படித்தும் காட்டும்.

நிழல் மாதிரி பின்தொடர்ந்து பேசும் ‘ஷேடோயிங்’ பயிற்சி கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒலிப்பதிவை ஓடவிட்டு, நிறுத்தாமல், அரை நொடி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திருப்பிச் சொல்வது. 1953-ல் காலின் செர்ரி என்ற விஞ்ஞானி, விருந்துக் கூடத்தின் இரைச்சலில் ஒரே ஒரு குரலை மட்டும் நம் காது எப்படிப் பிடிக்கிறது என்று ஆராய்ந்தபோது இதே உத்தியைத்தான் கையாண்டார், தெரியுமா? இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சு. ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பயிற்சியிலும் இது உண்டு. இன்று ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கும், வெளிநாட்டவருக்கான ஜப்பானிய வகுப்புகளில் ஜப்பானியத்துக்கும் இது அன்றாடம்.

சூட்சுமம் நீளத்தில் இருக்கிறது. அரைமணி நேர நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்காதீர்கள். முப்பது நொடி போதும். முதலில் சும்மா கேளுங்கள். பிறகு எழுத்து வடிவத்தைப் பார்த்துப் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் வாய்க்குள் முணுமுணுங்கள். கடைசியில் முழுக் குரல். அதையே பதிவு செய்து மூலத்தோடு அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்டால் வெட்கமாக இருக்கும். இருக்கட்டும், ஆள் இல்லாத வீட்டில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஜப்பானியக் குழந்தைகளுக்கே வீட்டுப்பாடமாக ‘சத்தம் போட்டுப் படி’ என்று கொடுக்கிறார்கள், தெரியுமா? ‘ஒன்தொகு’ என்று பெயர். அதற்கு ஓர் அட்டையே உண்டு. பிள்ளை பாடத்தை உரக்கப் படிக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ கேட்டுவிட்டு அட்டையில் கையெழுத்தோ முத்திரையோ போட வேண்டும். டோக்கியோவுக்கு ‘எதோ’ என்று பெயர் இருந்த காலத்தில் இதைவிடக் கடுமை. ‘சொதொகு’ என்ற பெயரில் சீனச் செவ்வியல் நூல்களைப் பொருளே தெரியாமல் உரக்கப் படித்து மனப்பாடம் செய்தார்கள். பொருள் பிறகு வரும் என்று நம்பிக்கை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் கேட்டால் சிரித்திருப்பார்கள், இதிலென்ன அதிசயம் என்று.

கேட்க ஆள் வேண்டும், ஆனால் அவருக்கு மொழி தெரிய வேண்டாம்! இப்படி ஒரு கணக்குப் போட்டவர் ஹைன்ரிக் ஷ்லீமான். டிராய் நகரைத் தோண்டிய அதே ஆள்தான். ஆம்ஸ்டர்டாமில் ரஷ்ய மொழி படிக்க வாத்தியார் கிடைக்கவில்லை. மனப்பாடம் செய்ததைச் சுவரைப் பார்த்து ஒப்பித்தால் வேகம் வரவில்லை. வாரம் நான்கு பிராங்க் கூலிக்கு ஒருவரை அமர்த்தி, தினமும் மாலை இரண்டு மணி நேரம் தன் ரஷ்ய மொழியைக் கேட்க வைத்தார். கேட்டவருக்கு ஓர் எழுத்தும் புரியாது! மரப்பலகைத் தளம் வழியாகச் சத்தம் போய் மற்றக் குடித்தனக்காரர்கள் புகார் செய்ய, இரண்டு முறை வீடு மாற்றினாராம். 1865-ல் இவர் ஜப்பானையும் சுற்றிப் பார்த்துப் புத்தகமே எழுதினார். உங்கள் வீட்டுப் பாட்டிக்கு ஜப்பானியம் தெரியாது என்பது இனி ஒரு குறையே இல்லை.

இதுவரை தனியாள் கதைகள். ஆசிரியரும் இல்லை, உருப்படியான அகராதியும் இல்லை, ஆனாலும் நாட்டின் மருத்துவத்தையே புரட்டிப்போட்ட ஒரு கூட்டம் டோக்கியோவிலேயே இருந்தது! அவர்கள் கற்றது ஜப்பானியம் அல்ல, டச்சு. ஆனால் தனிக் கல்விக்கு இதைவிடப் பெரிய கதை கிடையாது. 1771. அன்று எதோ என்று பெயர் பெற்ற நகரின் கொத்சுகஹாரா கொலைக்களத்தில், தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு பெண்ணின் உடலை அறுத்துக் காட்டுகிறார்கள். மருத்துவர்கள் சுகிதா கென்பாகுவும் மாயெனோ ரியோதாகுவும் ஆளுக்கொரு டச்சு உடற்கூறு நூலோடு வந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே நூல்! உடலுக்குள் பார்த்ததும் படத்தில் இருந்ததும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. இத்தனை காலம் படித்த சீன நூல்கள் பொருந்தவில்லை. மறுநாளே மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

மாயெனோவுக்குச் சில நூறு டச்சுச் சொற்கள் தெரியும். சுகிதாவுக்கு எழுத்துகளே தெரியாது! டச்சுக்காரர்களோ தொலைதூர நாகசாகியில் ஒரு குட்டித் தீவுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். புருவம் என்பது கண்ணுக்கு மேல் வளரும் முடி. இந்த ஒரு வரி பிடிபடாமல் ஒரு நீண்ட வசந்தகாலப் பகல் முழுக்கப் போயிற்று என்று சுகிதா முதுமையில் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். புரியாத சொல் வந்தால் என்ன செய்தார்கள் தெரியுமா? வட்டத்துக்குள் சிலுவை போட்ட மாதிரி ஒரு குறியை ஓரத்தில் இட்டுவிட்டு, என்றைக்காவது புரியும் என்று மேலே போய்விட்டார்கள். ஆரம்பத்தில் பக்கம் முழுக்க அந்தக் குறிதான்! பதினோரு முறை திருத்தி எழுதி 1774-ல் ‘கைதாய் ஷின்ஷோ’ வெளிவந்தது. அகராதியை ஒவ்வொரு சொல்லுக்கும் திறந்து திறந்தே நாவலைப் பாதியில் போடுகிறவர்கள் இந்தக் குறியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

சீன எழுத்துகளான கான்ஜிக்கும் ஒரு தனியாள் வீரர் உண்டு. (கான்ஜி, நம்ம ஊர் காஞ்சி அல்ல.) அமெரிக்கரான ஜேம்ஸ் ஹைசிக் 1970-களில் ஜப்பான் போனவர், காமகுரா மொழிப் பள்ளியில் வகுப்புக்குப் போகாமல் அறையில் உட்கார்ந்து எழுத்துகளைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை கட்டி, ஒரு மாதத்தில் 1,900 கான்ஜிகளை நினைவிலிருந்து எழுதத் தேறினார். அரசின் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் இன்று இருப்பதே 2,136தான்! ஆனால் அவர் முதலில் கற்றது வடிவமும் பொருளும் மட்டும். வாசிக்கும் ஒலியை அல்ல. இதைச் சொல்லாமல் அவர் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறவர்கள் பிள்ளைகளை ஏமாற்றுகிறார்கள் என்பேன்.

மறதிக்கு மருந்தாக உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் பயன்படுத்தும் ‘அங்கி’ செயலி இருக்கிறதே, அது பிறந்ததே ஜப்பானிய மொழிக்காகத்தான்! டேமியன் எல்ம்ஸ் என்பவர் தன் ஜப்பானியப் படிப்புக்காக எழுதி 2006-ல் வெளியிட்டார். பெயரும் ஜப்பானியச் சொல்லே: மனப்பாடம். உங்கள் போனில் இருக்கும் இலவச ஜப்பானிய அகராதி எதுவாக இருந்தாலும் அதன் வேர் அநேகமாக ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்து ஜிம் பிரீன் 1991-ல் தொடங்கிய சொற்கோப்பில் போய் நிற்கும். படிக்க? 1997-ல் தொடங்கிய ‘அவோசோரா புன்கோ’ தளத்தில், காப்புரிமை தீர்ந்த ஆயிரக்கணக்கான படைப்புகள் காசில்லாமல் காத்திருக்கின்றன. கான்ஜி மேலேயே குட்டி எழுத்தில் உச்சரிப்பு போட்ட எளிய செய்திகளை என்.எச்.கே. நிறுவனம் வெளியிடுகிறது.

பேச்சு மேடைக்கு வருவோம். ஜப்பானிய அறிவிப்பாளர்களும் குரல் நடிகர்களும் நாக்கைத் தீட்ட இன்றும் ஒப்பிப்பது 300 ஆண்டுப் பழைய மருந்து விளம்பரத்தை, தெரியுமா? 1718-ல் எதோவின் கபுகி மேடையில் இரண்டாம் இச்சிகாவா தஞ்சூரோ முதன்முதலில் நிகழ்த்திய ‘உய்ரோ உரி’. மருந்து விற்பவர் ஒருவர் தன் சரக்கின் பெருமையை அவிழ்த்துவிட, மருந்தை விழுங்கியதும் நாக்கு நிற்காமல் சுழலத் தொடங்கி, நா பிறழ்ப் பேச்சு மடை திறந்த மாதிரி கொட்டுகிறது. கதை என்ன என்றால், தஞ்சூரோவுக்கே இருமலும் சளியும் கட்டி மேடையில் குரல் எழும்பாமல் போய், அந்த மருந்துதான் காப்பாற்றியதாம். நன்றிக்கடனாக நாடகத்துக்குள் வந்துவிட்டது. ஒதாவரா ஊரில் அந்த மருந்து இன்றும் விற்கிறது!

பாட்டு வேண்டுமா? 1971-ல் கோபே நகரத்து இசைக்கலைஞர் இனொவே தைசுகே காசு போட்டால் இசைக்கும் கரோக்கே எந்திரத்தை உருவாக்கினார். கூட்டமாகப் பாடத்தான். இன்றோ தனியாகப் போய்ப் பாடுவதற்கு ‘ஹிதோகரா’ என்று பெயரே இருக்கிறது. தனியாள் அறைகள் மட்டுமே கொண்ட கடைகளும் இருக்கின்றன! திரையில் வரி ஓட, சொல்ல வேண்டிய நேரத்தில் நிறம் மாற, கான்ஜிக்கு மேல் உச்சரிப்பும் வர, வாசிப்பு வேகத்துக்கு இதைவிட நல்ல தண்டனை கிடையாது. ஆனால் பாட்டை நம்பி ஏற்ற இறக்கம் கற்காதீர்கள். மெட்டு சொல்லை வளைத்துவிடும். யமாதா கோசாகு மாதிரி சொல்லின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மெட்டமைக்கப் பிடிவாதம் பிடித்த இசையமைப்பாளர்கள் சிலரே.

தனியாகச் செய்ய முடியாதது என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது: எதிராளி குறுக்கே வந்து பேச்சைத் திருப்பிவிடுவது. ஜப்பானியர் பேச்சில் கேட்பவர் சும்மா இருப்பதில்லை. ‘ஹை’, ‘எஎ’, ‘சோ தெஸ் நே’ என்று இடைவிடாமல் ஊம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ‘அய்சுச்சி’ என்பார்கள். ஊம் நின்றால், போனில் பேசுகிறவர் லைன் கட்டாகிவிட்டதோ என்று பதறுவார். இதில் பாதியை ரேடியோ பேட்டியோடு பழகலாம். பேசுகிறவர் மூச்சு விடும் இடம் பார்த்து ஊம் போடுங்கள்; உண்மையான கேட்பவர் அதே இடத்தில் போடுகிறாரா என்று பாருங்கள்.

மீதிப் பாதிக்கு, அதாவது உரையாடலின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் பேசுவதற்கு, ஜப்பானில் ஒரு கலையே இருக்கிறது! ரகுகோ. ஒரு மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்த ஒரே மனிதர். கையில் ஒரு விசிறி, ஒரு துண்டு. எழுந்திருக்கவே மாட்டார். இந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் திருப்பினால் வாடகைக்கு இருப்பவர். கணவன், மனைவி, சாமுராய், திருடன் எல்லாரும் அவரே. விசிறி சாப்பிடும் குச்சியாகும், பேனாவாகும், வாளாகும். கவனியுங்கள்: தலை திரும்பும்போது மொழியும் திரும்புகிறது. ‘சாப்பிடு’ என்ற ஒரே வினை, நண்பனிடம் ‘தபெரு’, தெரியாதவரிடம் ‘தபெமஸ்’, பெரியவர் சாப்பிடுவதைச் சொல்லும்போது ‘மெஷியகரு’. உரையாடல் வகுப்பில் நீங்கள் எப்போதும் மாணவர்தான். ஒரே ஒரு மரியாதைப் படியில்தான் பேசுவீர்கள். அறைக்குள் தனியாக ரகுகோ ஆடுகிறவர் முதலாளியாகவும் கடைப் பையனாகவும் கிழவியாகவும் பேசிப் பார்க்கிறார். தனிமைக்கு இவ்வளவு பெரிய லாபம் இருப்பதை யாரும் சொல்வதில்லை!

எழுத்து நடையையே இந்தக் கலை மாற்றியது தெரியுமா? சன்யூதெய் என்ச்சோ என்ற ரகுகோ மேதை சொன்ன பேய்க் கதையைச் சுருக்கெழுத்தாளர்கள் அப்படியே பிடித்து 1884-ல் அச்சிட்டார்கள். பேச்சு மாதிரி எழுதலாம் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி. 1887-ல் தன் நாவலைத் தொடங்கிய ஃபுதபாதெய் ஷிமெய்க்கு, என்ச்சோ பேசுகிற மாதிரி எழுதிப் பார் என்றுதான் யோசனை சொல்லப்பட்டது.

அந்த ரகுகோ மேடையில் ஒரு வெள்ளைக்காரரும் ஏறினார். ஹென்றி பிளாக். 1858-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்து, சிறுவயதில் ஜப்பான் வந்து, ‘கைராகுதெய் பிளாக்’ என்ற மேடைப் பெயரோடு கதை சொன்னவர். 1903-ல் பிரெட் கைஸ்பெர்க் ஒலிப்பதிவு எந்திரத்தோடு டோக்கியோ வந்து ஜப்பானின் முதல் இசைத்தட்டுகளைப் பதிந்தபோது, கலைஞர்களைத் திரட்டிக்கொடுத்தவர் இந்த பிளாக்தான். தன் குரலையும் பதிந்து வைத்தார். அந்தப் பதிவுகள் நம் காலத்தில் குறுந்தட்டாகவும் வந்துவிட்டன. தேடிப் பிடித்து, அரை நொடி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு அவரோடு பேசிப் பாருங்கள். வேகம் கொஞ்சம் அதிகம்தான்!